பலகைக்கு எத்தனை துடுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இன்னும் நாற்பத்தாறு மணி நேரம் இருந்தபோது, ஞானதாஸ் அண்ணன் செங்கல்பட்டு பஸ்ஸின் கூரையிலிருந்து, கடலில் அலைமேல் நின்று சறுக்குகிற அலைப்பலகையை இறக்கினான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். வெள்ளை நிறம். ஓர் ஆளைவிட நீளம். முனை கூர்மை. இதற்குப் பிணம் எங்கே என்று ஒருவர் கேட்டார். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்திருந்தார்.

அண்ணன் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவுகிறான். அங்கே தங்கியிருந்த பீட்டர் என்ற ஆஸ்திரேலியாக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஊருக்குத் திரும்பும்போது பலகையை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு நாள்கூடக் கடலில் இறங்காத புதுப் பலகை. விமானத்தில் வந்தபோதே அதன் அடியில் மீனுக்கு இருப்பது போல இருந்த துடுப்புகள் முறிந்துவிட்டன. துடுப்பு இல்லாத பலகை அலையில் வழுக்கிச் சுற்றும், நிற்க முடியாது.

லாட்ஜ் முதலாளி அவனிடம் ஒன்று சொல்லியிருந்தார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் முன்னால், அவன் அந்தப் பலகையில் நின்றபடி கரைக்கு வர வேண்டும். வந்தால் அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகிற வேலை அவனுக்கு. வராவிட்டால் அந்த வேலை கோவளத்து ஆள் ஒருவருக்கு. அண்ணன் பாத்திரத்துக்கே திரும்ப வேண்டும்.

அவனால் முடியும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பொங்கலுக்கு வந்தபோது கூடத்தில் முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, அலையில் எப்படி நிற்பது என்று எங்களுக்குக் காட்டினான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூட்டை தூக்கிக் களைத்து வந்திருந்த நைனா, இன்னொரு முறை செய்யச் சொன்னார்.

அப்போதுதான் அவன் என்னிடம் கேட்டான். துடுப்பு ஒன்று வைக்கலாம், இரண்டு வைக்கலாம், மூன்றும் வைக்கலாம் என்று பீட்டர் சொல்லியிருக்கிறார். மீனைப் பற்றிப் படித்தவள் நான். எது சரி என்று நான் சொல்ல வேண்டும்.

நான் பி.எஸ்ஸி. விலங்கியல். எங்கள் காலனியில் முதல் பட்டதாரி. வேலை இல்லை. நைனா ரைஸ்மில்லில் யாரிடம் பேச ஆரம்பித்தாலும் மூன்றாவது வாக்கியத்தில் என் படிப்பு வந்துவிடும். அதனாலேயே நான் மில் இருக்கும் தெருவில் நடப்பதில்லை.

ஆனால் அன்று யோசித்துச் சொன்னேன். கல்லூரியில் சுறா மீனை அறுத்துப் பார்த்திருக்கிறேன். நடுவில் ஒரே துடுப்பு இருந்தால் போகிற திசை மாறாது, ஆனால் திரும்புவது கஷ்டம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருந்தால் சட்டென்று திரும்பும், பின்பக்கம் நழுவும். பக்கத்தில் இரண்டும் அவற்றுக்குப் பின்னால் நடுவில் ஒன்றும் வைத்தால் இரண்டு நன்மையும் உண்டு. மூன்றுதான் சரி என்றேன். ஒரு கேள்விக்கு நான் அவ்வளவு நீளமாகப் பதில் சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

மில்லுக்குக் கதவும் பெட்டியும் செய்கிற செங்கேணி மாமாவிடம் சொல்லி வைக்கும் வேலையும் என்னிடம் வந்தது. நான் அவர் பட்டறை வாசலில் நின்று, மூன்று துடுப்பு வேண்டும், தண்ணீரில் ஊறாத மரமாக இருக்க வேண்டும் என்றேன். வழக்கமான சைஸ்தானே என்று கேட்டார். அண்ணன் ஏற்கெனவே பேசியிருப்பான் என்று நினைத்துத் தலையாட்டினேன். அதற்கு மேல் நிற்கக் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாமா கோணியில் சுற்றி எடுத்து வந்தார். பிரித்தோம். களி கிண்டுகிற துடுப்பு மூன்று. கைப்பிடி உருண்டையாக, நுனி தட்டையாக, இழைத்து எண்ணெய் தடவியிருந்தது.

அம்மா ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தாள்.

"வேல நல்லாதான் கீது. மூணு எதுக்குடி? கல்யாண வூட்டுக்கா களி கிண்டப் போறோம்?"

"உம் பொண்ணுதான், சிட்டம்மா, துடுப்புன்னு கேட்டுச்சு," என்றார் மாமா.

அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. பாடப் புத்தகத்தில் மீனுக்கு இருப்பது துடுப்பு. எங்கள் தெருவில் துடுப்பு என்றால் களிச்சட்டிக்கு உரியது. மீனுக்கு இருப்பது ரெக்கை. வாரம் ஒரு முறை அம்மா என் முன்னால் உட்கார்ந்து மீன் ரெக்கையை நறுக்கிப் போடுகிறாள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"ரெக்கைன்னு சொல்லியிருந்தா ரெக்கை செஞ்சிருப்பேன்," என்றார் மாமா. கோபமில்லாமல்தான் சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன்.

மரம் வீணாகவில்லை. தட்டையான நுனிகளை மாமா அறுத்து, ஒரு சாண் உயரத்துக்கு, பின்பக்கம் வளைந்த முக்கோணமாகச் செதுக்கினார். ஆனால் சாயங்காலத்துக்குள் கதை தெருவைத் தாண்டிவிட்டது. சைக்கிள் கடை கோபால் எங்கள் வாசலில் மணியடித்து நிறுத்தி, களிக்கு பி.எஸ்ஸி. படித்த பெண் இந்த வீட்டில் இருக்கிறாளாமே என்று அம்மாவிடம் விசாரித்தான்.

முதலில் ஒரு துடுப்பைத்தான் ஒட்டினோம். அதைப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம் என்று அண்ணன் சொன்னான். பீட்டர் விட்டுப்போன டப்பாவில் பிசின் இருந்தது. அதில் இன்னொரு புட்டியிலிருந்து சில சொட்டு விட்டுக் கலக்கினால் சூடாகும். கண்ணாடி நூலில் நெய்த துணியை அதில் நனைத்துத் துடுப்பின் அடியைச் சுற்றிப் படியவைத்தால் வெயிலில் ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். வீடு முழுவதும் அந்த வாடை. அம்மா அடுப்பை வெளியே எடுத்துப் போனாள்.

சனிக்கிழமை விடியற்காலை ஏரிக்குப் போனோம். மழை நன்றாகப் பெய்த வருஷம். தண்ணீர் கரையின் பாதி உயரத்துக்கு நின்றது. மதகுப் பக்கம் இறங்கினோம். அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்று பலகையைத் தள்ளினான். அது கொஞ்ச தூரம் போய் நின்றது. இழுத்து வந்து மறுபடி தள்ளினான்.

"ஒரு பக்கமா இஸ்துக்கினு போவுது பாப்பா."

எனக்கு நேராகப் போவது போலத்தான் தெரிந்தது. ஆனால் கடலைப் பார்த்தவன் அவன். படுத்துக் கையால் துழாவிப் பார்க்கிறாயா என்று கேட்டேன். துடுப்பு சரியில்லாதபோது படுத்து என்ன ஆகப்போகிறது என்றான்.

திரும்பி வந்தோம். செங்கேணி மாமா அடியோடு அறுத்து எடுத்தார். இரண்டை ஒட்டினோம். பத்து மணிக்கு மறுபடி ஏரி. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றான். அளந்து பார்த்தேன். ஒரு நூல் வித்தியாசம்கூட இல்லை. பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. பக்கத் துடுப்புகள் பலகையின் மூக்கைப் பார்த்துச் சற்று உள்ளே திரும்பியிருக்க வேண்டும். நான் இரண்டையும் நேர்க்கோட்டில் வைத்திருந்தேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அண்ணன் மறுக்கவில்லை. பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.

மூன்றாவது முறை நானே கயிறு பிடித்து நடுக்கோடு போட்டேன். மூக்கின் நுனியிலிருந்து கயிற்றை இழுத்து, பக்கத் துடுப்புகளை அதற்குத் தகுந்தபடி திருப்பி, பிசின் இறுகும் வரை கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலில் ஒட்டிய பிசின் தோலோடு வந்தது. மாமல்லபுரம் போகச் செங்கல்பட்டில் பஸ் மாற வேண்டும். அதற்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நேரம் இரண்டரை.

இந்த முறை நாங்கள் மட்டும் போகவில்லை. நைனா அரை நாள் வேலையை விட்டுவிட்டு, தலையில் கட்டிய துண்டோடு வந்தார். காலனியிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். கோபால் சைக்கிளைக் கரைமேல் சாத்தி வைத்து, அதன் கேரியரில் உட்கார்ந்துகொண்டான்.

அண்ணன் முழங்கால் வரை போனான். பலகையைத் தள்ளினான். இழுத்தான். குனிந்து அடியில் தடவிப் பார்த்தான்.

"தாஸு, நீ ஏறுவியா, இல்ல எருமையக் கழுவற மாதிரி கழுவிக்கினே இருப்பியா?" என்றான் கோபால். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் நிமிர்ந்தான். நடுவில் இருப்பது கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றான். மூன்று இருப்பதால் கனம் என்றான். மறுபடி ஒன்றே வைத்துவிடலாமா என்று கேட்டான். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை. என்னைப் பார்க்கவில்லை.

நைனா என்னைப் பார்த்தார்.

"காலேஜுல இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு? மூணு வருசம் மூட்ட தூக்கிப் படிக்க வெச்சேன். ஒரு மீன் ரெக்கைய வெக்கத் தெரியல."

நைனா அதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னார். செங்கேணி மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. அவர் சொன்னது உண்மை என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

ஏரியின் இந்தப் பக்கம் ஆழம் போதாது, படித்துறைக்குக் கொண்டு போங்கள் என்று யாரோ சொன்னார்கள். சத்தம் கேட்டுப் படித்துறையில் இருந்தவர்கள் ஏற்கெனவே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெல் வயல் வைத்திருக்கிற வீடுகளின் பிள்ளைகள். அவர்கள் அங்கேதான் தலைகீழாகக் குதிப்பார்கள். எங்களை இப்போது யாரும் அங்கே வராதே என்று சொல்வதில்லை. வா என்றும் சொன்னதில்லை. அண்ணனும் நானும் சிறு வயதில் குளித்தது மதகுக்கு வெளியே ஓடுகிற கால்வாயில். அதில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வராது. மண்டிபோட்டுக் குனிந்தால்தான் தலை நனையும்.

நாங்கள் போகவில்லை. முத்துகிருஷ்ணன் வந்தான். பெரிய வீட்டுப் பையன், அண்ணன் வயது. படித்துறையிலிருந்து குதித்து, தலையைத் தூக்காமல் நீந்தி, எங்கள் பக்கம் வந்து எழுந்தான். பலகையின் மேல் கை வைத்தான்.

"நான் ஒரு தபா போய்ட்டு வரட்டா?" என்று கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை.

மார்பைப் பலகையில் அழுத்திப் படுத்து இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினான். பலகை போயிற்று. நேராகப் போயிற்று. ஆழத்துக்குப் போன பிறகு அவன் உடம்பை ஒரு பக்கம் சாய்த்தான். அது நழுவாமல், வால் வழுக்காமல், ஒரு வளைவு போட்டுத் திரும்பியது. மறுபக்கம் சாய்த்தான். அந்தப் பக்கமும் திரும்பியது. பின்னால் தண்ணீரில் மூன்று கோடுகள் சேர்ந்து வந்தன. அவன் அங்கிருந்தே கையைத் தூக்கி, வண்டி ஜோராகப் போகிறது என்று கத்தினான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சில நிமிடங்கள்தான், ஆனால் அது சந்தோஷம். கயிறு பிடித்தது சரி, கோணம் சரி, மூன்று சரி. நைனா பார்க்கிறாரா என்று திரும்பினேன். பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறியிருந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணனைப் பார்த்தேன்.

அவன் முழங்கால் தண்ணீரில் அதே இடத்தில் நின்றிருந்தான். முத்துகிருஷ்ணன் போன தூரத்தையும் பலகைக்கு அடியில் இருந்த தண்ணீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கைகளாலும் கைலியைப் பிடித்திருந்தான். முழங்காலுக்கு மேல் அவன் கைலி நனையவே இல்லை. காலையிலிருந்து மூன்று முறை ஏரிக்கு வந்திருந்தோம். நான் துடுப்பை மட்டுமே பார்த்திருந்தேன்.

முத்துகிருஷ்ணன் பலகையைக் கொண்டு வந்து அவனிடம் தள்ளிவிட்டான். ஏறு, மாமல்லபுரத்தில் எப்படி நிற்பாயோ அப்படி நின்று காட்டு என்றான். கேலியாகச் சொல்லவில்லை. பார்க்க ஆசைப்பட்டுத்தான் கேட்டான். கோபால்கூடச் சைக்கிளிலிருந்து இறங்கிக் கரையோரம் வந்து நின்றான்.

நைனா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுடா. நான் புடிச்சிக்கினு கீறேன். பஸ்ஸுக்கு நேரமாவுது. பாப்பா சரியாத்தான் வெச்சிக்கீது, பாத்தியில்ல?"

அண்ணன் பலகையின் மேல் ஒரு கையை வைத்தான். எடுத்தான். என்னைப் பார்த்தான். அன்று முழுவதும் அப்போதுதான் நேராகப் பார்த்தான். எனக்கு அந்தப் பார்வை புரிந்துவிட்டது. அவன் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். பலகையை நானே கவிழ்த்துப் போட்டு, பிசின் விட்டுப்போயிற்று, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவன் நைனாவின் பக்கம் திரும்பிவிட்டான். சத்தமாகத்தான் சொன்னான், கரையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி.

"காலையில வெச்சதே சரியாத்தான் இருந்துச்சு நைனா. ரெண்டு வெச்சதும் சரிதான். பாப்பா மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு நீச்சல் தெரியாது."