மூடினாலும் எரியணும்

கார்களுக்கு ஒயரிங் பார்க்கும் அவனைத் தெருவே 'பல்பு' என்றுதான் கூப்பிடும். ஊரெல்லாம் பல்பு வாங்குது, நீ மாட்டுறே என்று கேலி வேறு. ஆனால் தங்கை விஷயத்தில் அவன் வாங்கிய பல்பை எந்த மடையனும் வாங்கியிருக்க மாட்டான்.

போன மாதம் அவள் போனில் அழுதாள். "அண்ணா, கோவம் வந்தா அவரு என்னை இருட்டுல போட்டுடறாரு."

இவன் என்ன செய்தான்? கரண்ட் பில்லுக்குப் பயந்து மாப்பிள்ளை விளக்கை அணைக்கிறார் என்று நினைத்து, ஏணியோடு போய் அவள் சமையலறைக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என இரண்டு பல்பு மாட்டிவிட்டு வந்தான். மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றதால் அவள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரமே பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று இவனே புத்தி சொல்லி, இவனே மாப்பிள்ளையையும் பட்டறைக்கு வரச் சொன்னான். மாப்பிள்ளைக்கு மருந்து விற்கும் வேலை. மறுநாள் காலையில் கசங்காத வெள்ளைச் சட்டையில் தன் காரில் வந்து இறங்கினான்; தங்கை பெட்டியோடு பட்டறையில் காத்திருந்தாள். அவன் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போன நேரம் தங்கை அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு வண்டி டிக்கில ஒரு லைட் போட்டுக் குடுண்ணா. மூடினாலும் எரியணும்."

"மூடின பெறகு யாரு பாக்கப்போறா, எலியா?"

அவள் சிரிக்கவில்லை. சரி, கேட்டுவிட்டாளே என்று மூடியின் உள்பக்க அட்டையைக் கழற்றி, ஓரம் முழுக்க விளக்குப் பட்டையை ஒட்டி, அணையாதபடி நேராக பேட்டரி லைனில் சேர்த்தான். பளிச்சென்று எரிந்தது. திரும்ப மாட்ட அட்டையை எடுத்தவன் அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தான். அட்டையில், பூட்டு இருக்கும் இடத்தைச் சுற்றி நான்கு நான்காகக் கீறல்கள். ஒன்றில் ஒடிந்த நகம் சிக்கியிருந்தது. தங்கை போடும் அதே ஊதா நிறப் பாலீஷ்.

அட பாவி, இருட்டு என்றால் இந்த இருட்டா!

"டிக்கில என்ன வேலை மச்சான்?" பின்னால் மாப்பிள்ளை.

இவன் நகத்தை நீட்டினான். அவன் முகத்தில் ஈ ஆடவில்லை. பிறகு சாவகாசமாகச் சொன்னான்: "வீட்ல போட்டா கத்துறா மச்சான், அக்கம்பக்கம் கேக்குது. இதுல அரைமணி நேரம் போட்டா அடங்கிடுவா."

பல்பு அவன் வாயிலேயே குத்தினான். வெள்ளைச் சட்டை சிவந்தது. மாப்பிள்ளை தரையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து மண்டையில் ஒரே போடு. டிக்கிக்குள் குப்புற விழுந்த பல்புவின் காலையும் மடக்கித் திணித்து மூடியை அறைந்தான்.

பல்புவின் கண்ணில் ரத்தம் வழிந்தது. வெளியே தங்கை, "அண்ணா!" என்று அலறினாள். "ஏறுடி வண்டியில!" என்று மாப்பிள்ளை கத்தினான்.

ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அட்டை இல்லாத மூடியில் பூட்டின் கொக்கி கண்ணெதிரே தெரிந்தது. இடுப்பில் செருகியிருந்த குறட்டால் அதைப் பிடித்துத் திருகினான். மூடி துள்ளித் திறந்தது.

மாப்பிள்ளை அவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். கையில் ஸ்பேனர். பல்பு பாய்ந்து அதைப் பிடுங்கி முழங்காலில் அடித்தான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. "இது அவளுக்கு." இன்னொரு காலிலும் அடித்தான். "இது நான் மாட்டின பல்புக்கு!" நிறுத்த அவனுக்கு மனசே வரவில்லை. தங்கைதான் கையைப் பிடித்தாள்.

"போதும்ணா. செத்துடப்போறான். தூக்கி உள்ள போடு."

அண்ணன் தூக்கிப் போட்டான். "வேணாம்டி, மூச்சு முட்டும்டி," என்று மாப்பிள்ளை கெஞ்சினான். "முட்டாது. எனக்குத் தெரியும்," என்றாள். மூடியை அவளே அறைந்து சாத்தி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு போலீசுக்குப் போன் செய்தாள்.

மூடியின் இடுக்கில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. உள்ளே அவன் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"லைட்டை அணைச்சுடு."

அண்ணன் பானெட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து வரும் ஒயரைக் குறட்டால் வெட்டினான்.