கல் சக்கரத்தின் இரண்டாவது யானை

முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், படகில்லாமல் போக முடியாத குப்பம். கடல் ஏறும்போதும் வடியும்போதும் அங்கே ஒரு இயந்திரம் சுழன்று மின்சாரம் தரும். ஆனால் அந்தக் கரண்ட் அலைக்கு அலை எகிறும், இறங்கும். எகிறிய வேகத்தில் ஃபேன் கூரையைக் கழற்றிக்கொண்டு மாமல்லபுரம் வரை போய்த் திரும்பியதைக் குப்பத்து ரெபேக்காளே பார்த்திருக்கிறாள்.

ஃபேன் போனால் போகட்டும். அவள் கவலையெல்லாம் பதினொரு வாத்து முட்டைகள். அடைகாத்த வாத்தை நாய் தூக்கிப்போன அன்றே முட்டைகளை மரப்பெட்டியில் வைத்து, மேலே குண்டு பல்பு மாட்டிவிட்டாள். இன்னும் பத்து நாள் சூடு சீராக இருந்தால் குஞ்சு. பல்போ ஒரு நொடி சூரியன், மறுநொடி மின்மினி.

“இன்னா ஜெபா, இது கரண்டா, ஊஞ்சலா?” என்று இயந்திரம் ஓட்டும் கொழுந்தன் ஜெபசிங்கைப் பிடித்தாள்.

“கனமா ஒரு சக்கரம் கோத்தா சரியாப்பூடும் அண்ணி. தண்ணி வேகம் ஏறினாலும் எறங்கினாலும் அது பாட்டுக்கு ஒரே மாதிரி சுத்திகினு இருக்கும்.”

இரும்பு உப்புக்காற்றில் நிற்காது. மாமல்லபுரத்துச் சிற்பி கிருபாகரன் பட்டறையில் தயாராகக் கிடந்த அரை டன் கருங்கல்லில் நாலே நாளில் சக்கரம் செய்து கொண்டுவந்தார். அதைப் படகில் ஏற்றியதும் கடல் ஒரு முழம் உயர்ந்தது என்பார்கள். அது மிகை. முக்கால் முழம்தான்.

மாட்டி ஓட்டினால் குப்பமே கிடுகிடுவென்று ஆடியது. வெறும் கல்லைக் கொடுக்கக் கை வராமல், கிருபாகரன் ஓரமாக ஒரு யானை செதுக்கியிருந்தார்.

“யார் உன்னை யானை கேட்டது?” என்றான் ஜெபசிங்.

“மொட்டைக் கல்லைக் குடுத்தா பட்டறை பேரு இன்னாவறது?”

“கழட்டிடறேன். வேற கல்லுக்கு ஒரு மாசம் ஆவும் அண்ணி.”

ரெபேக்காள் அவனை விலக்கினாள். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். யானை மேலே வந்து நின்றது. மறுபடி சுற்றினாள். மறுபடியும் யானை மேலே.

“அண்ணாத்த, யானையைச் சுத்திச் செதுக்கி எடுத்தியே, அதான் இந்தப் பக்கம் லேசாப்பூட்ச்சி. எதிர்ப்பக்கம் அதே அளவுல இன்னொண்ணு வெட்டு.”

கிருபாகரன் முகம் மலர்ந்தது. “ஒத்தையா நிக்குதேன்னு எனக்கே பேஜாராத்தான் இருந்துச்சு.”

இரண்டு நாள் உளிச் சத்தம். ரெபேக்காள் பெட்டியை விட்டு நகரவில்லை. பல்பு எகிறினால் மூடியைத் திறந்தாள், மங்கினால் பழம்புடவையைப் போர்த்தினாள். மூன்றாம் நாள் சக்கரம் பூப்போலச் சுழன்றது. பல்பு கண் சிமிட்டவில்லை.

ஒன்பது குஞ்சுகள் வெளிவந்தன. வராத இரண்டையும் அவள் தன் கையாலேயே புதைத்தாள்.

ஒன்பதும் இன்றுவரை வட்டமாகத்தான் நடக்கின்றன. நான்குக்கு எதிரே நான்கு, நடுவே அச்சுக்கு ஒன்று.