முதல் பஸ்ஸை ஓட்டுபவர் எதில் வருவார்

1.

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதரைத் திட்டுவதற்காகத்தான் போனேன். நேரில் பார்த்ததும் திட்ட வாய் வரவில்லை. "நான் கதை எழுதுறவன், உங்களப் பத்தி ஒண்ணு எழுதலாம்னு இருக்கேன்" என்று உளறிவிட்டேன். உளறியதைக் காப்பாற்ற இப்போது உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மனிதர், எங்கள் குடியிருப்பு வழியாகப் போகும் முதல் பஸ்ஸின் டிரைவர். ஒரு நாள் விடியற்காலை அந்த பஸ் வரவில்லை. அன்று என் தங்கை இறந்துபோனாள். பஸ் வந்திருந்தால் அவள் கண் மூடுவதற்கு முன் அரை மணி நேரமாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இவ்வளவுதான் விஷயம். மர்மம் ஒன்றும் கிடையாது. கடைசிப் பக்கத்தில் யாரும் உயிரோடு எழுந்து வரப்போவதும் இல்லை. அதை எதிர்பார்த்து ஏறியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2.

ஆரம்ப வரிக்கு நான் பட்ட பாடு:

"கும்மிருட்டு. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் அவன் தன்னந்தனியாகச் சைக்கிளை —" இது பேய்க்கதை மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

"அவன் பெடலை மிதித்தான். இன்னும் சற்று நேரத்தில் என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியாது." எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது என்று எழுதுவதில் ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது. அதனாலேயே இதையும் அடித்தேன்.

"அந்தப் பாவி அன்று சற்று முன்னதாகக் கிளம்பியிருந்தால்…" இது கதையின் வரியே இல்லை. என் வயிற்றெரிச்சல்.

(முதல் வரைவு முழுவதும் அவரை "அவன்" என்றுதான் எழுதியிருந்தேன். நேரில் பார்த்துவிட்டு வந்து, ஒவ்வொரு இடமாகத் தேடி "அவர்" என்று மாற்றினேன். ஓரிரு இடம் தப்பியிருக்கலாம். தப்பியிருந்தால் அப்படியே இருக்கட்டும்.)

3.

முதலில் என் பக்கம். ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு ஆள் தங்கக் கூடாது என்று விதி. இருட்டியதும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அன்று இன்னும் விடியவில்லை, போன் வந்தது. "கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க" என்றார் வார்டு நர்ஸ். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

ஸ்டாப்பில் எப்போதும் நிற்கிறவர்கள் நின்றார்கள். அலுவலகம் கூட்டும் இரண்டு பெண்கள், ஒரு காவலாளி. வாடகைக் காரை அழைத்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் எங்கள் ஒதுக்குப்புறத்துக்கு வர ஒருவனும் தயாராக இல்லை.

"எங்க போயிடப்போகுது, வந்துடும்" என்றாள் கூட்டும் பெண்களில் மூத்தவள். "இந்த பஸ்ஸு லேட்டாகி நான் பாத்ததே இல்ல."

முதல் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் வியாதி இது. நிற்க நிற்க நகர முடியாது. இவ்வளவு நேரம் நின்றாகிவிட்டது, இப்போது நடக்கத் தொடங்கினால் முதுகுக்குப் பின்னால் வந்து தாண்டிப் போய்விடும் என்று தோன்றும். நால்வரும் சாலையின் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளிச்சம் வந்த பிறகு இரண்டாவது பஸ்தான் வந்தது. நான் வார்டுக்குப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

4.

காரியமெல்லாம் முடிந்த பிறகு டிப்போவுக்குப் போனேன். அன்று பஸ்ஸை எடுக்காமல் விட்டது யார் என்று கேட்டேன். கேன்டீனில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கைகாட்டினார்கள். தொப்பை வைத்த, கட்டை மீசைக்காரர். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். மனிதர் இடம் விட்டதில்தான் என் வீராப்பு கவிழ்ந்தது. மேலே சொன்ன பொய் அங்கே பிறந்தது.

"என்னப் பத்தி என்ன சார் இருக்கு எழுத?"

"முதல் பஸ் ஓட்டுறவர் டிப்போவுக்கு எதுல வருவார்? அத எழுதலாம்னு."

அவர் சிரித்துவிட்டார். "கரெக்டா புடிச்சீங்க. ஊருக்கே நான் பஸ் ஓட்டணும். எனக்கு எவன் ஓட்டுவான்? சைக்கிள்தான்."

பிறகு தானாகவே சொன்னார். நான் ஒன்றும் தூண்டவில்லை. பஞ்சரான கதையைக் கேட்க ஆள் கிடைத்தால் சைக்கிள்காரர்கள் விடமாட்டார்கள்.

"போன மாசம் ஒரு நாள் பாருங்க. பாதி வழியில பின்சக்கரம் புஸ்ஸுனு போச்சு. நம்ம லைட்டு டைனமோ லைட்டு. சக்கரம் சுத்தினாத்தான் எரியும். எப்ப வெளிச்சம் வேணுமோ அப்பதான் இருட்டாயிடும். சைக்கிளக் கவுத்துப் போட்டு ட்யூப வெளிய எடுத்து, கன்னத்துல வச்சு வச்சுப் பாத்தேன். ஓட்டை இருக்கிற எடத்துல காத்து சில்லுனு அடிக்கும். நடு நடுவுல எட்டி முன்சக்கரத்த ஒரு சுத்து சுத்தி விடுவேன்."

"வெளிச்சத்துக்கா?"

"அது எதிர்ப்பக்கம்ல விழும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. லாரிக்காரனுக்கு நான் தெரியணும்ல."

(போன் எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வீட்டில் சார்ஜில் கிடந்ததாம். எடுக்க மறந்ததற்குக் காரணம் ஏதாவது உண்டா என்றேன். "மறதிக்கு என்ன சார் காரணம்" என்றார்.)

ஓட்டையைக் கண்டுபிடித்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒட்டுப் போட்டு, பம்பு அடித்து ஏறியிருக்கிறார். அங்கேதான் தவறு நடந்தது. ட்யூபை ஒட்டினால் போதாது. டயரின் உள்பக்கம் விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்க்க வேண்டும். குத்தியது இன்னும் உள்ளேயே நிற்கலாம். அவசரத்தில் இவர் தடவவில்லை. தேய்ந்த லாரி டயரிலிருந்து உதிர்ந்த முடி போன்ற கம்பி ஒன்று அங்கேயே இருந்திருக்கிறது. ஒரு தெரு தாண்டுவதற்குள் ஒட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி குத்தியது. இரண்டாவது ஒட்டு இவரிடம் இல்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தள்ளிட்டே வந்தேன். ஓட்டமும் நடையுமா. வந்து பாத்தா ட்ரிப்ப கேன்சல் பண்ணிட்டாங்க. மாத்து டிரைவர் கெடைக்கலயாம்."

"காத்து இல்லாம அப்படியே ஏறி மிதிச்சிருந்தா?"

"மிதிச்சிருந்தா வந்திருப்பேன் சார், தாராளமா வந்திருப்பேன். ரிம்மு கோணிடும். நாளைக்கும் அதுலதான வரணும்?"

5.

நாளைக்கும் அதில்தான் வர வேண்டும். இதைவிட நியாயமான பதிலை எந்தப் பாத்திரத்துக்கும் நான் எழுதியதில்லை. அன்று இரவு என் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து அழுதேன். ஒரு ரிம்.

அதன் பிறகு எழுதியவை எல்லாம் அந்த பஸ்ஸைக் கொண்டுவருவதற்காக எழுதியவை.

வரைவு அ: அவர் விரலை விட்டுத் தடவுகிறார். கம்பி அகப்படுகிறது. பிடுங்கி எறிகிறார். ஒட்டு நிற்கிறது, பஸ் வருகிறது. எழுதிப் படித்தால் பஞ்சர் ஒட்டும் செய்முறை விளக்கம் மாதிரி இருந்தது.

வரைவு ஆ: கம்பியே இல்லை. அவர் பாட்டுக்கு வருகிறார், பஸ் எடுக்கிறார். நான் ஏறுகிறேன். சைக்கிளும் இல்லை, இருட்டும் இல்லை, கதையும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த வரைவு இதுதான். மூன்றே வரி.

வரைவு இ: இவர் வெறும் ரிம்மில் ஏறி மிதிக்கிறார். தெருநாய்கள் குரைக்கின்றன, ரிம் தார்ச்சாலையில் கடகடக்கிறது, கோணுகிறது, இவர் நிறுத்தவில்லை. எதற்காக? ஸ்டாப்பில் ஒருவன் நிற்பது இவருக்குத் தெரியுமா? தெரியாத ஒருவனுக்காக யார் தன் சைக்கிளை நாசம் செய்துகொள்வார்கள்? நான் செய்வேனா? இந்த இடத்தில் பேனா நின்றது. பாத்திரத்துக்குக் காரணம் கிடைக்காமல் —

(என் தங்கைக்கு என் கதைகள் பிடிக்காது. "உன் கதையில எல்லாரும் உக்காந்து யோசிச்சுட்டே இருக்காங்கண்ணா, ஒருத்தனாவது எந்திரிச்சு ஒரு வேலையப் பாக்க மாட்டேங்கிறான்" என்பாள். வேறு ஒரு வாசகரும் என்னிடம் இவ்வளவு மரியாதைக்குறைவாகப் பேசியதில்லை. இனி பேச ஆளும் இல்லை.)

6.

இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் அலங்காரமாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

அன்று வார்டில் இருந்த நர்ஸ், கட்டிலைக் காலி செய்யும்போது என்னிடம் சொன்னார்: "ரெண்டு தடவ கேட்டாங்க சார். அண்ணன் வரானா, அண்ணன் வரானான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பஸ் ஏறிட்டார், வந்துட்டே இருக்கார்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

அவருக்கு யோசிக்க ஒரு நொடிகூட இருந்திருக்காது. நான் மாதக்கணக்காகத் திணறும் வாக்கியத்தை அவர் ஒரு தலையணையைச் சரிசெய்துகொண்டே சொல்லியிருக்கிறார். நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. சொல்லவில்லை. ஏனென்றால் அவள் அதை நம்பியிருந்தால், என்னை எதிர்பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். நம்பாவிட்டால், நான் வரவில்லை என்று தெரிந்து போயிருக்கிறாள். எது தேவலை என்று இரவெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன். இரண்டும் தாங்கவில்லை.

7.

கொடுத்த வாக்குக்காக, கையில் இருந்த வரைவை டிரைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே கேன்டீன், சாயங்கால நேரம். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசைய நிதானமாகப் படித்தார். நடுவில் ஒருமுறை சிரித்தார். தொப்பையைப் பற்றி எழுதிய இடமாக இருக்கும். ஆறாவது பகுதியை அதில் சேர்க்கவில்லை. முதல் பகுதியும் மூன்றாவது பகுதியும் இல்லை. அவர் கையில் இருந்தது சைக்கிளும் பஞ்சரும் மட்டும்தான்.

அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. உடனே, மன்னித்துவிட்டான், பெரிய மனசு என்று முடிவுகட்டாதீர்கள். மன்னிக்கவில்லை. அந்த ரிம்மை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் நாளையும் விடிவதற்கு முன் அந்தச் சாலையில் அவர் தனியாக வர வேண்டும். என் தங்கையையும் அவர் கேரியரில் ஏற்றி அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஒரு கொற சொல்லலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அந்த ஆளு இவ்வளவு பாடுபட்டு வரான், சரி. பஸ்ஸுக்குள்ள யாருமே இல்லியே சார். காலி பஸ்ஸு வந்தா என்ன, வராட்டி என்ன? அதுக்காக ஒருத்தர் காத்துட்டிருக்கணும். அப்பத்தான் படிக்கிறவனுக்குப் பதறும்."

"யார வைக்கலாம்?" என்று கேட்டேன்.

அவர் உண்மையாகவே யோசித்தார். "பரீட்ச எழுதப் போற பொண்ணு… வேணாம், அத அடுத்த வருஷம்கூட எழுதிக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போற ஆளா வைங்க. யாரையாவது பாக்கப் போறாப்ல. அது தள்ளிப் போட முடியாது பாருங்க."

"தங்கச்சியப் பாக்க" என்றேன்.

"ஆங். தங்கச்சி. நல்லா இருக்கும்." கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி நிமிஷத்துல இருக்காங்க அவங்க. இவரு ஸ்டாப்ல நிக்கிறாரு. பாத்தாரா இல்லியா?"

"தெரியல. அங்கதான் நிக்குது கதை."

"என்ன சார் நீங்க, எழுதுறது நீங்க, தெரியலங்கிறீங்க." காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்தார். "கததான? கொண்டுபோய்ச் சேத்துடுங்க. உங்களுக்கு என்ன செலவு?"

8.

சேர்த்துப் பார்த்தேன். வரைவு ஈ. இப்படித்தான் போகிறது:

வளைவில் விளக்கு தெரிந்தது. பஸ் வந்தது. ஏறினேன். கூட்டும் பெண்கள் முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் ஓடும்போதே குதித்தேன், டிரைவர் உள்ளிருந்து ஏதோ திட்டினார். படி ஏறினேன். வார்டில் திரை இழுக்கப்படவில்லை. ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையைப் பிடித்தேன், சூடாக இருந்தது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு,

இங்கே அவள் பேச வேண்டும். நாற்பது வருடம் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன், என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நானாக எதை எழுதிவைத்தாலும் அது என் குரலில் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் அன்று போக வேண்டியிருந்தது. காற்புள்ளி போட்டு இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஒரு தங்கை இருந்தால், அவளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.