ஆறு கிலோவாட்

வீட்டைச் சூடாக்க வாங்கிய புது அடுப்பின் கண்ணாடியில் கரி ஏறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் தீ, தூக்கம் கலையாத முகம்போல மங்கலாக அசைந்தது. கூடத்தில் அம்மா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பஸ் ஓட்டும் மாமா, வேலைக்குப் போடும் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அக்கா பச்சைக்குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள்.

"கணக்குப்புள்ள, இது அடுப்பா, மெழுகுவத்தியா?" என்றார் மாமா.

வீட்டின் இளையவள் அடுப்பின் முன் குனிந்து தீயைப் பார்த்தாள். கடையில் மாமா பன்னிரண்டு கிலோவாட் அடுப்பின் தலையில் கை வைத்து நின்றபோது, ஆறு போதும் என்று பிடிவாதம் பிடித்தவள் அவள்தான். மாலை வகுப்பில் படித்ததை வைத்து சுவர், ஜன்னல், கூரை எல்லாவற்றையும் அளந்து கணக்குப் போட்டிருந்தாள். "சின்ன வீட்டுக்குப் பெரிய அடுப்பு வாங்குறது, உங்க பஸ்ஸ முதல் கியர்லயே ஓட்டுற மாதிரி மாமா. அடக்கி அடக்கி எரிச்சா புகையும் கரியும்தான் மிஞ்சும்" என்றாள். அந்தப் பேச்சுதான் மாமாவை மடக்கியது. இப்போது அடக்காமலே கரி படிகிறது.

மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னக் குச்சிகள்தான் இந்த அடுப்பில் எரிகின்றன; அவற்றின் மொத்தச் சூடு ஓர் எண். அறைக்கு வந்து சேரும் சூடு வேறோர் எண். முதலாவதைப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ? டார்ச்சை எடுத்து அடுப்பின் முதுகில் இருந்த ஒட்டுத்தாளைப் படித்தாள். அறைக்கு வருவதே ஆறுதான். திறன் தொண்ணூறு சதவீதம். பத்துப் பங்கு சூட்டில் ஒன்பது வீட்டுக்கு, ஒன்று புகைபோக்கிக்கு. கூரையை மறந்தோமா? இல்லை. அப்படியானால் அந்தத் தொண்ணூறை எதை எரித்து அளந்தார்கள்? காய்ந்த குச்சியை.

எழுந்து துணி துவைக்கும் அறைக்குப் போனாள். ஈரத்துணிகள் தொங்கும் கொடிக்குக் கீழே குச்சி மூட்டைகள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நின்றன.

"மாமா, இதையெல்லாம் யாரு பிரிச்சது?"

"நான்தான். ஒரே பிளாஸ்டிக் வாடை. கொஞ்சம் காத்தாடட்டுமேன்னு தெறந்து வச்சேன்."

ஒரு குச்சியை எடுத்து வளைத்தாள். டக்கென்று ஒடிய வேண்டியது, டீயில் நனைத்த பிஸ்கட்போல விரலில் உதிர்ந்தது. மாமா அதைப் பார்த்தார்.

"ஈரத்தக் குடிச்சிருக்கு மாமா. அந்தத் தண்ணிய ஆவியாக்கவே சூடு செலவாகுது. அப்புறம் எங்க வீட்டுக்கு வரும்?"

"அப்போ தப்பு அடுப்பு மேல இல்ல."

"இல்ல."

"உன் மேலயும் இல்ல."

அவள் யோசித்தாள். "மூட்டைய எங்க வைக்கணும்னு நான் சொல்லலையே."

"சரி, ஆளுக்குப் பாதி" என்றார் மாமா.

அடுப்பை அணைத்து ஆறவிட்டாள். உள்ளே கிடந்த ஈரக்குச்சிகளை அள்ளி, சாம்பலைச் சுரண்டி, கண்ணாடியைத் துடைத்தாள். இடமில்லாமல் மாடிப்படிக்குக் கீழே தள்ளியிருந்த ஒரு மூட்டை மட்டும் பிரிக்காமல் தப்பித்திருந்தது. மாமா அதை மார்போடு அணைத்துத் தூக்கி வந்தார். "பிள்ளையத் தூக்கப் பழகிக்கிறேன்" என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

தீ இந்தமுறை துள்ளிக்கொண்டு எழுந்தது. கண்ணாடி தெளிவாகவே இருந்தது. மாமா அக்காவை அழைத்துவரப் போனார். இளையவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொட்டாள். அம்மா ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள். பிறகு அடுத்ததையும் கழற்றி, இரண்டையும் வாசல் கொக்கியில் மாட்டினாள்.

கதவு திறந்தது. மாமாவின் குரல்தான் முதலில் உள்ளே வந்தது. "ஆறே கிலோவாட்டு! பன்னெண்டு வேணும்னு நின்னவன் நான். இவ விடலையே, எங்க வீட்டுக் கணக்குப்புள்ள!" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைக்கத் துணியைத் தேடினாள்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து போர்வையை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்றில் குழந்தை ஓர் உதை விட்டது. காலுறை ஒன்று கழன்று விழுந்தது. மாமா குனிந்து எடுத்தார். மாட்டிவிடக் காலைப் பிடித்தவர், நிறுத்தி, அடுப்பைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், தன் கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர்களின் மேல் மாட்டி, அதற்கும் மேலே, கொக்கியின் நுனியில், அந்தக் கட்டைவிரல் அளவுக் காலுறையைத் தொங்கவிட்டார்.