பத்து விநாடி

“படத்தை நிறுத்துங்க. முதல்ல இருந்து மறுபடி ஓட்டணும்.”

சாவுக் கூட்டத்தில் பெரியவர்களைப் பார்த்து எதையும் நிறுத்தச் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் மார்லீனை வளர்த்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்த அம்மா ஐரீன் சைகையில் அதையே சொன்னாள்: உட்கார். மார்லீன் உட்காரவில்லை.

திரையில், இறந்துபோன அப்பா வாரன். ஒன்பது நாளுக்கு முன் மருத்துவமனைக் கட்டிலில் பிடித்த படம். காது கேளாத அவருக்குக் கைதான் மொழி. அதைப் பேச்சாக்கித் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதியவள் மார்லீன். படத்தில் சேர்த்தவர் பெரியப்பா டெரில். அவருடைய ஸ்டுடியோவில்தான் இவளுக்கு வேலை. நானே சேர்க்கிறேன் என்று இவள் சொன்னதற்கு, “எனக்குச் சொல்லித் தர்றியா?” என்றிருந்தார்.

இப்போது வாரன் கண்கலங்கி ஐரீனிடம் விடைபெறுகிறார். கீழே ஓடுவதோ முன்பே சொல்லி முடித்த கேலி. சைகை தெரியாத பின்வரிசைச் சொந்தங்கள் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள்.

“பத்து செகண்டு பின்னால வருது, அவ்வளவுதானே,” என்றார் டெரில். “சாவுல வந்து படிச்ச திமிரைக் காட்டாத.”

“எங்கப்பா அழுறாரு, நீங்க சிரிக்கிறீங்க. வரி ஃபைலை மாத்தும்போது செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்னு கேட்டுச்சா?”

“கேட்டுச்சு. இருந்ததை அப்படியே விட்டேன்.”

“அது இருபத்தஞ்சு. படம் இருபத்தினாலு. வரி போகப் போகப் பின்னாலதான் போகும்.”

“இதெல்லாம் யாரு கண்டா?”

“கூடப் பொறந்தவன் பேச்சுல ரெண்டு சைகை கத்துக்கிட்டிருந்தா நீங்களே கண்டிருப்பீங்க.”

படம் ஓடிய அவர் மடிக்கணினியை மார்லீன் தன் பக்கம் திருப்பினாள். சரிசெய்யப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

மறுபடி ஓடியது. ‘டெரில் நாற்பது வருஷமா என்கிட்ட கத்திக் கத்திப் பேசுறான். தொண்டைக்கு யாராவது மருந்து வாங்கிக் குடுங்க.’ கை நின்ற அதே நொடியில் வரி நின்றது. முன்வரிசையிலிருந்த வாரனின் காது கேளாத நண்பர்களும் பின்வரிசைச் சொந்தங்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஐரீன் திரும்பி அத்தனை முகங்களையும் பார்த்தாள். விடைபெறும் வரி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

படம் முடிந்ததும் முன்வரிசைக் கைகள் உயர்ந்து காற்றில் படபடத்தன. அவர்களுக்கு அதுதான் கைதட்டல். பின்வரிசையும் பார்த்துப் பார்த்துக் கை தூக்கியது. டெரிலின் கை கடைசியாக எழுந்தது, பத்து விநாடி கழித்து.

“திங்கக்கிழமை சீக்கிரமா வந்துரு,” என்றார், அவளைப் பார்க்காமல்.

மார்லீன் தன்னிடமிருந்த ஸ்டுடியோ சாவியை அவருடைய மடிக்கணினி மேல் வைத்தாள். அம்மாவின் கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்ப வெளியே நடந்தாள்.