சைக்கிளுக்குச் சேறு

அந்த வருடம் முழுக்க என் முதல் காலை வேலை, கணவர் பெரெண்டின் சைக்கிளுக்குச் சேறு பூசுவது. போரில் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மன் சிப்பாய்கள் கால்வாய்ப் பாலத்தில் நின்றுகொண்டு, பார்க்க லட்சணமாக இருக்கிற சைக்கிளையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கடையில் புதிது கிடையாது, டயர்கூடக் கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றி, சீட்டில் கிழிந்த சாக்கைக் கட்டி, மேலே நல்ல களிமண்ணாகப் பார்த்து அப்பிவிடுவேன்.

பெரெண்டுக்கு வயிறு எரியும். வெள்ளிக்கிழமை மாலையானால் சைக்கிளைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடாதவனை மனுஷனாகவே மதிக்காத ஊர் எங்களுடையது.

“இதுல போனா பன்னிகூட என்னைப் பாத்து ஒதுங்கும், டீனா.”

“ஒதுங்கட்டும். சிப்பாயும் ஒதுங்குவான்ல?”

அவர் வேலை பார்த்த பருத்தி ஆலை கால்வாய்க்கு அந்தப் பக்கம், வெகுதூரம். ஊரடங்கு முடிந்தபிறகு கிளம்பி நடந்தால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. ஆலையில் பெயர் இருக்கிறவரை ஆளை ஊரில் விட்டுவைப்பார்கள். பெயரை நீக்கிவிட்டால் ஜெர்மனித் தொழிற்சாலைக்கு ரயிலேற்றிவிடுவார்கள். பக்கத்து வீட்டு ஃபென்னா அக்காவின் மகன் லூபெர்ட்டை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அவன் சைக்கிள் அவள் வீட்டுப் பரணில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஏறிப்போய்த் துடைப்பாள். தெருவுக்கே தெரியும், ஆனால் ஒருவரும் அதை இரவல் கேட்டதில்லை.

அக்டோபரில் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஃபென்னா அக்காதான் வந்து பட்டாணி சூப் வைத்தாள், தரையைக் கழுவினாள், ஜன்னலைத் துடைத்தாள். கரிவாளியைக்கூடத் தேய்த்துக் கவிழ்த்துகிறவள் அவள். அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் போகும்போது, கொட்டகையில் நின்ற எங்கள் சைக்கிளையும் கழுவித் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் இருட்டோடு கிளம்பிய பெரெண்ட் அதைக் கவனிக்கவில்லை. பாலத்தில் விடிந்தபோது சிப்பாய் கவனித்துவிட்டான். நடந்து ஆலைக்குப் போனவரை மேஸ்திரி, “திங்கக்கிழமையும் லேட்டா வந்தா உன் பேரைக் காப்பாத்த என்னால முடியாது” என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்.

நான் காய்ச்சலோடு எழுந்து வேலியோரம் போய்க் கத்தினேன்.

“உங்கள யாரு துடைக்கச் சொன்னா?”

“நெனச்சுச் செய்யல டீனா. வெள்ளிக்கெழமையா, கை அது பாட்டுக்குப் போயிடுச்சு.”

“உங்க மகன் போனது போதாதுன்னு என் புருஷனையும் அனுப்பி வைக்கிறீங்களா?”

சொன்னதும் எனக்கே நாக்கு கூசியது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. அவ்வளவு பயம் எனக்கு. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு முழுக்க பெரெண்ட் வீடு வீடாக அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். பரணில் இருக்கும் சைக்கிள் எங்கள் இருவர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப் பேசிவிட்டு அதைக் கேட்க எனக்கு வாய் ஏது? அவருக்காகப் பையில் துணி அடுக்கிவைத்தேன், அழுதுகொண்டே.

திங்கட்கிழமை விடியும்போது கதவு தட்டப்பட்டது. வாசலில் ஃபென்னா அக்கா. பக்கத்தில் லூபெர்ட்டின் சைக்கிள், தலையிலிருந்து கால்வரை சேறு. அவளுக்கும் முழங்கைவரை சேறு, நெற்றியில்கூட.

“மணியக் கழட்டிட்டேன். என்ன பூசினாலும் மினுக்குது, காட்டிக் கொடுத்துடும்.”

“அக்கா, லூபெர்ட் வந்து கேட்டா…”

“கேக்கட்டும். என் சைக்கிள என்னம்மா பண்ணி வச்சிருக்கேன்னு கத்தட்டும். அதுக்காவது வரட்டும்.”

பெரெண்ட் கைப்பிடியை வாங்கிக்கொண்டார். முன்சக்கரத்துக்கு மேலே ஒரு விரலகலம் இன்னும் பளபளத்தது. நான் தரையிலிருந்து சேற்றை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“விடு, டீனா. நானே பூசுறேன்.”