டிராயருக்குள் இருந்தது

மருத்துவமனையின் மருந்துக் கிடங்கு அவள் பொறுப்பில் இருந்தது. பூட்டிய பிறகும் பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டாள். அங்கே அவளுக்குப் பூட்டக்கா என்றே பெயர். அப்படிப்பட்டவள் முதல் தடவையாக வெளிநாடு போனாள், கல்யாணமாகிப் போன தங்கையைப் பார்க்க, ஒரே வாரம். பாஸ்போர்ட்டுக்கென்று உள்பாவாடையில் தனியாகப் பை தைத்துக்கொண்டு போனவள், ஒரு ஊக்குகூடத் தொலைக்காமல் திரும்பி வந்தாள்.

மறுநாளே கூடம் நிறைய உறவு. காலடியெல்லாம் சாக்லேட் காகிதம். சோபாவில் சாய்ந்துகொண்டு சித்தப்பா கேட்டார்: "எப்படிம்மா இருக்கு அந்த ஊரு?"

ரோட்டில் குப்பை இல்லை, பஸ்ஸில் யாரும் இடிக்கவில்லை, குழாய்த் தண்ணீரை மட்டும் நம்பாமல் கொதிக்கவைத்தே குடித்தேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை அவளை நல்லா பார்த்துக்கிறாரா?" என்றாள் அம்மா.

"அவருக்கென்ன, என்னையே தூக்கிச் சாப்பிட்டுடுவாரு. போய் இறங்கினதுமே என் பாஸ்போர்ட்டை வாங்கி டிராயர்ல வச்சுப் பூட்டிட்டாரு. அவளோடதும் அதுக்குள்ளதான் இருக்கு. வீட்டுச் சாவிகூட ஒண்ணே ஒண்ணுதான், அவர்கிட்ட..."

பாதியில் நிறுத்திவிட்டாள். தான் சொன்னது அப்போதுதான் தன் காதிலேயே விழுந்தது.

அங்கே இருந்தபோது ஒரு மாலை அக்காளும் தங்கையும் பால் வாங்கி வந்தார்கள். சாத்திவிட்டுப் போன கதவு தானாகவே பூட்டிக்கொண்டுவிட்டது. தங்கையின் கணவன் வேலை முடிந்து வரும்வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். "உன்கிட்ட சாவி இல்லையாடி?" என்று கேட்டதற்குத் தங்கை, "எதுக்குக்கா, நான் எங்க போகப்போறேன்?" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே. சாவி குறைந்தால் தொலைவதும் குறையும் என்று இவள் மனத்துக்குள் மெச்சிக்கொண்டாள். புத்தி எங்கே புல் மேயப் போயிருந்ததோ!

கிளம்பும் நாளன்று அவன் டிராயரைத் திறந்து இவளுடைய பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தான். அடியில் கிடந்த தன்னுடையதை எடுக்கத் தங்கை கையை நீட்டினாள். "அது எதுக்கு உனக்கு?" என்று சிரித்தபடியே பூட்டினான். நீட்டிய கையால் தங்கை மேசையைத் துடைத்தாள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தபோது தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. குடி உண்டா, கடன் உண்டா, வேலை நிலைக்குமா என்று துருவித் துருவி விசாரித்து இந்த வரனுக்குத் தலையாட்டியவளும் இவளேதான்.

எல்லாவற்றையும் கூடத்தில் போட்டு உடைத்தாள். சித்தப்பா கையை உதறினார். "இதைப் போய் ஊதிப் பெருசாக்காதே. நீ பூட்டி வைக்கிறதில்லையா?"

"நான் மாத்திரையைப் பூட்டி வைக்கிறேன் சித்தப்பா, மனுஷியை இல்ல! வாயை மூடிக்கிட்டு சாக்லேட் தின்னுங்க."

தங்கையின் எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தது அவன்.

"சொல்லுங்க அண்ணி. அவ சமையல்கட்டுல இருக்கா."

"அவ பாஸ்போர்ட்டை எடுத்து அவ கையில குடுங்க மாப்பிள்ளை. இன்னொரு சாவியும் செஞ்சு குடுங்க. இப்பவே."

அவன் சிரித்தான். "என்ன அண்ணி இது? டிராயரைப் பார்த்து, மனுஷன்னா இப்படித்தான் இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

தூரத்திலிருந்து தங்கையின் குரல் கேட்டது. "அக்காவா? அக்கா, மறுபடி எப்ப வர்றே?"

"போனை அவகிட்ட குடுங்க!" என்று கத்தினாள். இணைப்பைத் துண்டித்துவிட்டான். திரும்பத் திரும்பப் போட்டும் எடுக்கவில்லை.

பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். பீரோ திறந்தது திறந்தபடி கிடக்க, செருப்பை மாட்டினாள்.

அம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். "எங்கடி கிளம்பிட்டே?"

"டிக்கெட் எடுக்க."

"ஆத்திரத்துல எதையும் செய்யாதடி. நீ எப்பவும் யோசிச்சுத்தானே செய்வே?"

"யோசிச்சு யோசிச்சுத்தாம்மா அவளை அங்க விட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள்.